மாமா ஏன் இரணைமடுவுக்கே போகிறார்? வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் சலூன் தொழில்

எனது மாமா பரந்தனில் இருக்கிறார். முடி வெட்டுவதென்றால் கிளிநொச்சி நகரத்தையும் தாண்டி இரணைமடுச் சந்திக்கு வருவார். ஏ9 வீதியில் வழிநெடுகச் சலூன்கள் உண்டு. குளிரூட்டி பூட்டியவையும் இருக்கின்றன. ஒன்றிலும் அவர் ஏறுவதில்லை.

காரணம் அவரது இடது காதுக்குப் பின்னால் இருக்கிறது. 2009இல் பட்ட செல் துண்டொன்று தோலுக்குக் கீழே இன்னும் கிடக்கிறது. வைத்தியர்கள் அதை எடுக்க வேண்டாமென்று விட்டுவிட்டார்கள். முடி வெட்டும் மெசின் அதில் முட்டினால் தலை முழுக்க விண்ணென்று வலிக்கும். இரணைமடுச் சலூன்காரரிடம் அவர் அதை ஒரேயொரு தடவைதான் சொன்னார். அடுத்த முறை போனபோது அந்த இடத்துக்கு வந்ததும் மெசின் தானாக நின்றது, கத்தரிக்கோல் வந்தது.

“ஆக்களின்ர பேர் மறக்கும் தம்பி, தலை மறக்காது” என்றார் அந்தச் சலூன்காரர், நான் போய்க் கேட்டபோது.

வாடிக்கையாளரைத் தக்கவைப்பது பற்றி இணையத்தில் நிறைய ஆலோசனைகள் கிடைக்கின்றன. கழிவு அட்டை கொடுங்கள், பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புங்கள் என்கிறார்கள். அவை பிழையல்ல. ஆனால் போர் தின்ற ஊரில் இந்தத் தொழில் நிற்பது வேறு சில விடயங்களில். புதிதாகக் கடை போட நினைக்கும் இளையவர்களுக்காக அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

கட்டாயத்திலிருந்து தெரிவுக்கு

ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருக்கவில்லை. குடிமை முறையில் ஒரு குடும்பம் இன்னின்ன வீடுகளுக்கு என்று கட்டுப்பட்டிருந்தது. முடி வெட்டுவதோடு கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் செய்யவேண்டிய கடமைகளும் இருந்தன. கூலி அறுவடையில் நெல்லாக வரும். தொழிலாளிக்கு மறுக்கும் உரிமையோ விலை சொல்லும் உரிமையோ இருக்கவில்லை. அந்த உறவைச் சிலர் இன்றும் விசுவாசம் என்கிறார்கள். அது சாதிக் கட்டாயம்.

நகரத்துச் சலூன் இதை மாற்றத் தொடங்கியது. தொழிலாளி வீடு வீடாகப் போகாமல், வாடிக்கையாளர் கடைக்கு வந்து காசு கொடுத்தார். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூன் இதற்கு நல்ல சாட்சி. எழுத்தாளர் டொமினிக் ஜீவா அங்கே தொழில் செய்துகொண்டே 1966இல் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கினார். முடி வெட்ட வந்தவர்களோடு இலக்கியமும் அரசியலும் பேச வந்தவர்களும் அங்கே கூடினார்கள்.

கடல் கடந்து தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் தனது சலூனுக்குள் நூலகம் வைத்து, வாசிப்பவர்களுக்குக் கட்டணத்தில் கழிவும் கொடுத்தார். 2020 ஒக்ரோபரில் இந்தியப் பிரதமர் வானொலி உரையில் அவரோடு பேசிய பின் நாடே அவரை அறிந்தது. இரண்டு கடைகளுக்கும் பொதுவானது ஒன்றுதான். காத்திருக்கும் நேரத்தையும் மதித்த கடைகள் அவை.

விலையால் வெல்ல முடியாத போட்டி

மீள்குடியேற்றத்தின் பின் வன்னியில் ஏ9 வீதியோரம் இராணுவம் தேநீர்க்கடைகளும் உணவகங்களும் நடத்தியது. சலூன்களும் நடத்தியது. தங்கள் பிழைப்பு பறிபோவதாக உள்ளூர்த் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். கத்தரி பிடிப்பவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் கடையோடு, கடன் வாங்கிக் கதிரை போட்டவர் விலையில் மோத முடியாது. நம்பிக்கையில் மட்டும்தான் மோதலாம். அந்த நம்பிக்கை எப்படி வருகிறது?

தலையை எழுதி வையுங்கள்: முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். மாதம் ஒருமுறை வருபவர் பத்து வருடத்தில் 120 தடவை உங்கள் கதிரையில் இருப்பார். அவருக்காகக் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குவது பெரிய வேலையல்ல. மெசினில் எந்த இலக்கச் சீப்பு, தழும்பு எங்கே, எந்தக் காது கேட்காது என்று குறித்து வையுங்கள். தழும்பில் முடி முளைக்காது. பக்கத்து முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டால் அது மறையும். மறைக்க விரும்புகிறாரா என்பதை மட்டும் முதலில் கேளுங்கள்.

சொல்லிவிட்டுத் தொடுங்கள்: பின்னால் நின்று திடீரென்று கழுத்தில் கைவைத்தால் பதறுகிறவர்கள் எங்களிடையே பலர். மெசினை முடுக்க முன்னர் “மெசின் போடப்போறன் அண்ணை” என்று ஒரு சொல் போதும். வாசலைப் பார்த்து இருக்க விரும்புகிறவருக்குக் கதிரையைத் திருப்பிவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரை இறக்கி ஏற்றாமல் அதிலேயே வைத்து வெட்டலாம். படிக்குப் பதில் ஒரு சாய்தளம் போட ஒரு மூட்டை சீமெந்தே போதும்.

பிளேட்டைக் கண்முன்னே மாற்றுங்கள்: ஈரல் அழற்சி பி, சி ஆகியவை இரத்தத்தால் பரவும் நோய்கள். படிகாரம் தடவுவது கிருமிநீக்கம் அல்ல. ஒவ்வொருவருக்கும் புதிய பிளேட் வேண்டும், அவர் பார்க்கும்படி உறையைப் பிரிக்க வேண்டும். தலைச்சாயம் பூச 48 மணித்தியாலம் முன்பே காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை வந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

குளத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: இரணைமடு வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம். அதன் கீழ் வயல் செய்பவரிடம் காசு புழங்குவது காலபோக, சிறுபோக அறுவடைகளின் பின்தான். இடைப்பட்ட மாதங்களில் கடன் கேட்பார்கள். நான் சந்தித்த சலூன்காரர் இரண்டு வெட்டுவரை கடன் கொடுக்கிறார், அதற்கு மேல் இல்லை. நிலுவையை மற்றவர்கள் முன்னால் கேட்பதே இல்லை. “காசு வராட்டிலும் ஆள் வருவார். எல்லாருக்கும் முன்னால கேட்டா ரெண்டும் வராது” என்றார்.

கேட்கக்கூடாத கேள்வி

எங்கும் சலூன்காரர் கதையைத் தொடங்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: “எத்தனை பிள்ளைகள், என்ன செய்யினம்?” இங்கே அந்தக் கேள்வி கத்தியைவிடக் கூரானது. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தைத் தொடங்கினார்கள். அப்படியான ஒரு தகப்பன் கதிரையில் இருக்கும்போது “மகன் எங்கே?” என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? இருக்கிறான் என்பாரா, இல்லை என்பாரா?

எனவே அந்தச் சலூனில் மழை, நெல் விலை, குளத்து நீர்மட்டம், கிரிக்கெட் ஆகியவைதான் பேச்சு. வாடிக்கையாளர் தானாகச் சொன்னால் மட்டும் கேட்கிறார். கேட்டது அடுத்த கதிரைக்குப் போகாது. சின்ன ஊரில் இதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

சான்றிதழும் உதவும்

பரம்பரையாகவோ பழக்கத்திலோ கற்றவர்களும் தமது அனுபவத்தை மதிப்பிடச் செய்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறலாம். மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி அதிகார சபை அலுவலகத்தில் விசாரியுங்கள். வங்கிக் கடனுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் அது கைகொடுக்கும். இதைக் குலத்தொழில் என்று இளக்காரமாகப் பார்க்கும் வாய்களுக்கும், கற்றுத் தேறிய தொழில் இது என்று அது பதில் சொல்லும்.

போன மாதம் அந்தச் சலூன்காரர் காய்ச்சலில் படுத்ததால் கடை இரண்டு கிழமை பூட்டு. மாமா காதை மறைத்த முடியோடு திரிந்தார். வேறு எங்காவது வெட்டலாமே என்று மாமி சொன்னதற்கு மாமாவின் பதில் இது: “அவனுக்குச் சுகம் வரட்டும். இன்னொருத்தனுக்கு முதலிலயிருந்து கதை சொல்ல என்னால ஏலாது.”