வேடக் காயமும் மெய்க் காயமும்: திறந்தவெளிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ‘நிறுத்தச் சொல்’ உருவான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

திறந்தவெளியில் பலர் வேடம் புனைந்து போரிடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், வீழ்ந்து கிடப்பவர் நடிக்கிறாரா, உண்மையிலேயே அடிபட்டாரா என்பதைக் கண்ணால் மட்டும் பிரித்தறிவது கடினம். விளையாட்டுக்குள் வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாத தனிச்சொல் ஒன்றை ஒதுக்கிவைப்பதே இதற்குக் காணப்பட்ட தீர்வாகும். இடைக்கால ஐரோப்பியக் களப்போட்டி, இரண்டாம் உலகப்போர்க் கால மீட்புப் பயிற்சி, 1966க்குப் பிந்தைய பாத்திரமேற்பு அமைப்புகள் ஆகிய மூன்று சூழல்களில் வைத்து அச்சொல்லின் தேவையை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்மூன்றுக்கும் இடையே நேரடி வழிமரபு உண்டென்பது இக்கட்டுரையின் வாதமன்று. காயம் எப்போது நடிப்புக்குரிய பொருளாயிற்றோ அப்போதே இச்சொல்லும் இன்றியமையாததாயிற்று என்பதே அதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, களப்போட்டி, முதலுதவி, பயிற்சிக் காயம், நிறுத்தச் சொல்

முன்னுரை

ஆங்கிலத்தில் ‘லார்ப்’ எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் நேரடிப் பாத்திரமேற்பு விளையாட்டில் பார்வையாளர் எனத் தனியாக எவரும் இல்லை. பங்கேற்போர் அனைவரும் ஒரு கற்பனை உலகின் வீரராகவோ வணிகராகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்று, காட்டிலோ புல்வெளியிலோ இரண்டு மூன்று நாள் தங்கி வாழ்கின்றனர். நுரைப்பஞ்சால் செய்த வாளால் அடிபட்டவர் விதிப்படி காயமுற்றவராகிறார். கீழே விழுகிறார், வலியால் அலறுகிறார், மருத்துவரைக் கூவி அழைக்கிறார். மருத்துவர் வேடமேற்ற மற்றொருவர் ஓடிவந்து செஞ்சாயம் தோய்ந்த துணியால் கட்டுப்போடுகிறார். இருவர் அவரைத் தூக்கிச் செல்கின்றனர். இவை யாவும் ஆட்டத்தின் பகுதிகள். நன்றாக அலறுபவரே நல்ல ஆட்டக்காரர் எனப் பாராட்டப்படுகிறார்.

இதன் விளைவு எளிதில் புலப்படும். உள்ளத்து நிகழ்வை உடலின்வழி அறிவிப்பதை மெய்ப்பாடு என்கிறது தமிழ் இலக்கண மரபு. இங்கோ மெய்ப்பாடு முழுவதும் ஆட்டத்துக்கு எழுதிக்கொடுக்கப்பட்டுவிட்டது. கணுக்கால் முறிந்தவருக்கும், முறிந்ததாக நடிப்பவருக்கும் எஞ்சியிருப்பது ஒரே அலறல்தான். உண்மையாகவே மயங்கி விழுந்தவரின் நிலை இன்னும் கடியது. கண்மூடி அசையாது கிடக்கும் ‘பிணங்கள்’ சூழ்ந்த களத்தில் அவரும் ஒரு பிணமாகவே கருதப்பட்டுக் கடந்து செல்லப்படலாம்.

களப்போட்டியும் காயமும்

பன்னிரண்டாம் நூற்றாண்டுக் களப்போட்டி, பிற்கால ஓவியங்களில் காணப்படுவது போன்ற இருவர் ஈட்டிப்போட்டி அன்று. இரு அணியாகப் பிரிந்த குதிரைவீரர்கள் வயலும் ஊரும் கடந்து மோதிக்கொண்ட கூட்டுப்போர் அது. எதிரியைக் கொல்வதன்று, சிறைப்பிடித்து மீட்புப்பணம் பெறுவதே நோக்கம். எனினும் சாவுகள் நேர்ந்தன. அவற்றுக்குத் திருச்சபை தந்த மறுமொழி கருதத்தக்கது. 1130இல் கிளெர்மோன் சங்கத்தில் திருத்தந்தை இரண்டாம் இன்னொசென்ட் இப்போட்டிகளைத் தடைசெய்தார்; 1139இல் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் அத்தடையை உறுதிசெய்தது. போட்டியில் அடிபட்டுச் சாகக் கிடப்பவருக்குப் பாவமன்னிப்பும் இறுதி அருட்சாதனமும் மறுக்கப்படவில்லை. ஆனால் இறந்தபின் திருச்சபை நிலத்தில் அடக்கம் செய்யும் உரிமை மறுக்கப்பட்டது. காயமுற்றவரைக் காப்பதைக் காட்டிலும் இறந்தவரைத் தண்டிப்பதிலேயே இவ்விதி கருத்தூன்றியது எனலாம். 1316இல் இத்தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

அரசுகள் சென்ற வழி வேறு. இங்கிலாந்தில் முதலாம் ரிச்சர்ட் 1194இல் ஐந்து இடங்களில் மட்டும், கட்டணம் பெற்று, போட்டிகளுக்கு இசைவளித்தார். முதலாம் எட்வர்டின் காலத்தில், 1292ஆம் ஆண்டுக்குரியதாகக் கொள்ளப்படும் படைக்கலச் சட்டம், கூர்முனை வாள்களை விலக்கியது. வீரர் ஒருவருக்கு மூன்று ஏவலருக்கு மேல் கூடாது என்றது. காணவருவோர் படைக்கலம் ஏந்தலாகாது என்றது. களத்துச் சண்டை களத்துக்கு வெளியே பரவிவிடக் கூடாது என்னும் அச்சமே இவ்விதிகளில் மேலோங்கி நிற்கிறது.

இவற்றுள் எதிலும் நிறுத்தச் சொல்லுக்கான தேவை தோன்றவில்லை. களப்போட்டியில் வீழ்ச்சி எப்போதும் மெய்யான வீழ்ச்சியே. காயத்தை எவரும் நடிக்கவில்லை. பாத்திரமேற்பு அங்கு இல்லாமலில்லை. 1278இல் வட பிரான்சின் ஹெம் என்னும் இடத்தில் நடந்த போட்டியில் வீரர்கள் ஆர்தர் கதைமாந்தராகவே வந்தனர். ஆர்த்துவாக் கோமகன் இரண்டாம் ரொபேர் ‘சிங்க வீர’னாக வேடமேற்றார். ஆயினும் வேடம் பெயரோடும் உடையோடும் நின்றது. அடி பட்டால் பட்டதுதான்.

1559 சூன் 30 அன்று பாரிசில் நிகழ்ந்ததும் அத்தகையதே. மகளின் திருமணக் கொண்டாட்டத்தின்போது நடந்த ஈட்டிப்போட்டியில், மோன்கோமெரியின் ஈட்டி முறிந்து அதன் சிம்பு அரசர் இரண்டாம் ஹென்றியின் வலக்கண்ணுக்கு மேலே பாய்ந்தது. அம்புருவாசு பாரேயும், பிரசெல்சிலிருந்து வரவழைக்கப்பட்ட வெசாலியசும் அக்காலத்தின் தலைசிறந்த மருத்துவ அறிவைப் படுக்கையருகே கொணர்ந்தனர். சிம்பு சென்ற வழியை அறியும்பொருட்டு மரணதண்டனை பெற்றவர்களின் தலைகள் ஆராயப்பட்டன என்றும் சொல்லப்படுகிறது. சூலை 10 அன்று அரசர் இறந்தார். அங்கே என்ன நேர்ந்தது என்பதில் ஐயமே எழவில்லை. ஐயம் எழுந்தது மருத்துவத்தில் மட்டும்தான்.

காயத்தை நடித்தவர்கள்

காயம் முதன்முறையாக முறைப்படி நடிக்கப்பட்டது விளையாட்டுக்காக அன்று, பயிற்சிக்காக. பிரிட்டனில் 1877இல் தூய யோவான் ஆம்புலன்ஸ் சங்கமும் 1887இல் அதன் தொண்டர்படையும் தோன்றியபின், பொதுமக்கள் கூடுமிடங்களில் முதலுதவியாளர் நிற்பது வழக்கமாயிற்று. அவர்களுக்குக் கற்பிக்கும்போது ‘நோயாளி’யாகக் கிடந்தவர் பெரும்பாலும் ஒரு சீட்டைத் தாங்கிய உடல் மட்டுமே. ‘தொடை எலும்பு முறிவு’ எனச் சீட்டில் எழுதியிருக்கும், கிடப்பவரோ சிரித்துக்கொண்டிருப்பார்.

1942இல் சரே மாவட்டத்து லெதர்ஹெட்டில், குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களிலிருந்து மக்களை மீட்கப் பயிற்றுவித்த பள்ளியில் எரிக் கிளாக்சுடன் என்னும் பொறியாளர் இதை மாற்றினார். (பின்னாளில் இசுடீவனேச் புதுநகரின் மிதிவண்டிப் பாதைகளை வடிவமைத்தவரும் இவரே.) வலியுள்ளவர் எவ்வாறு மூச்சு விடுவார், தவறாகத் தூக்கினால் எவ்வாறு துடிப்பார் என்பவற்றைக் கற்றுத்தேர்ந்து நடிக்கும் தொண்டர்களைக் கொண்டு ‘கேசுவல்டீசு யூனியன்’ அமைக்கப்பட்டது. மீட்போர் பிழை செய்தால் நடிப்பவர் அலறுவார்; அலறலே பாடமாயிற்று.

நடிப்பு இவ்வளவு கூர்மை பெற்றவுடன் பழைய சீட்டு தந்த பாதுகாப்பு மறைந்தது. சிரித்துக்கொண்டிருந்த ‘நோயாளி’ உண்மையில் அடிபட்டால் சிரிப்பு நின்றுவிடும், அதுவே அறிகுறி. நடிப்பவர் முன்னரே அலறிக்கொண்டிருந்தால் அறிகுறி எது? பிரிட்டனிலும் காமன்வெல்த் நாடுகள் சிலவற்றிலும் படைப் பயிற்சிகளில் வழங்கும் ‘நோ டஃப்’ என்னும் தொடர் இவ்வினாவுக்கே விடையாகும். போலி அன்று என்பது அதன் பொருள். பயிற்சிக்கிடையே வானொலியில் ஒரு செய்திக்கு முன் இத்தொடர் ஒலித்தால், தொடர்ந்து வருவது கற்பனை எதிரியைப் பற்றியதன்று, மெய்யான காயத்தைப் பற்றியது என அனைவரும் கொள்வர். அச்சொல்லைப் பயிற்சிக்கதையின் எந்தப் பகுதியிலும் பயன்படுத்தலாகாது என்பதே அதற்கு வலிமை தருகிறது.

‘ஹோல்டு’, ‘மேன் டவுன்’, ‘சனி’

1966 மே முதல் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லியில், டயானா பாக்சனின் வீட்டுத் தோட்டத்தில் நடந்த வேடிக்கைக் களப்போட்டியிலிருந்து ‘படைப்பூர்வத் தொன்மைச் சங்கம்’ எனப் பொருள்படும் எசு.சி.ஏ. தோன்றியது. அதன் உறுப்பினர் பலர் தம்மைப் பாத்திரமேற்பு விளையாட்டினராகக் கருதுவதில்லை; எனினும் பிற்கால அமைப்புகளின் பாதுகாப்பு வழக்கங்களோடு ஒத்த பல கூறுகள் இங்கே முன்னதாகவே காணப்படுகின்றன. பிரம்பு வாளும் உலோகக் கவசமும் கொண்டு போரிடுகையில், ஆபத்தைக் கண்ட எவரும் ‘ஹோல்டு’ எனக் கூவலாம். கேட்டவர் அனைவரும் அந்நொடியே நின்றுவிட வேண்டும். நடுவர் மட்டுமன்றி எவரும் கூவலாம் என்பதுதான் இங்குச் சிறப்பு. அரச வேடமேற்றவரின் ஆணைக்கும் மேற்பட்ட அதிகாரம் புதிதாக வந்தவரின் குரலுக்கும் தரப்பட்டது.

இச்சொல்லில் ஒரு குறையும் இருந்தது. ‘ஹோல்டு’ என்பது ‘நில்’ என்பதோடு ‘தாங்கிப் பிடி’ என்றும் பொருள்படும். ‘அணியைத் தாங்கிப் பிடியுங்கள்’ எனத் தளபதி வேடமேற்றவர் ஆங்கிலத்தில் ஆணையிட்டால் முதற்சொல்லைக் கேட்டே பாதிக்களம் நின்றுவிடும். ஆகவே அமெரிக்க அமைப்புகள் பலவற்றில் அச்சொல்லை வேறெப்பொருளிலும் சொல்வது தவறாயிற்று. ஒரு மொழியின் அன்றாடச் சொல்லொன்றை அதன் பிற பொருள்கள் அனைத்திலிருந்தும் பிரித்தெடுத்து, ஒரு புல்வெளியின் எல்லைக்குள் மட்டும் செல்லும் விதியால் காத்துவைத்தனர்.

எசு.சி.ஏ.வில் முதலுதவியாளருக்கு ‘கிருர்ஜன்’ என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கியது. அறுவை மருத்துவரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் அது. மெய்யான உதவிக்குரியவரும் இவ்வாறு வேட உலகின் பெயருக்குள் அமைந்தார். அழகிய ஏற்பாடுதான், ஆனால் அறிவுடையதா என்பது ஐயத்துக்குரியது. பழம்பெயரை அறியாது முதன்முறை வந்தவர், வலியிலும் அச்சத்திலும் இருக்கையில், கிருர்ஜன் ஆட்டத்தின் மருத்துவரா மெய்யான மருத்துவ உதவியாளரா என எவ்வாறு அறிவார்? அப்பதவியைச் சங்கம் பின்னாளில் விட்டுவிட்டது.

பிரிட்டனில் இவ்விளையாட்டு 1982இல் செசயர் மாவட்டத்துப் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் ‘ட்ரெசர் ட்ராப்’ என்னும் பெயரில் வேரூன்றியது. அக்கோட்டையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடைக்காலக் கோட்டையைப் போலக் கட்டப்பட்ட மாளிகை. அருகில் பீசுடன் குன்றில் மெய்யான கோட்டையின் இடிபாடு இருக்கிறது. நுரைப்பஞ்சு வாள்களும், பிற்பாடு வந்த லேடெக்ஸ் பூச்சும் ஆயுதக் காயத்தைப் பெரிதும் குறைத்தன. வாள் மென்மையானதால் கவசம் அணியாதவரும் ஆடலாயினர்; கூட்டம் பெருகியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மோதும் களங்கள் உருவாயின. அங்கே ஒருவர் வீழ்ந்த இடத்தை இருபது அடி தள்ளி நிற்பவர் அறியமாட்டார்.

பிரிட்டனின் பெருங்களங்களில் ‘மேன் டவுன்’ என்னும் கூவல் நிலைபெற்றது. சொல்லின் பொருள் ‘ஆள் வீழ்ந்தார்’ என்பதே. போர்க்கதைக்கு முற்றும் பொருந்தும் தொடர் என்பதால் தேர்வு அவ்வளவு சிறந்ததன்று. அதைக் காத்தது சொல்லைத் தொடர்ந்துவரும் செயலாகும். கேட்டவர் அச்சொல்லைத் திருப்பிக் கூவி, ஒரு முழங்காலை ஊன்றி அமர்வர். களமெங்கும் மக்கள் தாழ்ந்துவிட, நின்றுகொண்டிருப்பவர் அடிபட்டவருக்கு அருகிலிருப்போரும் அவரை நோக்கி ஓடும் முதலுதவியாளரும் மட்டுமே. சொல்லால் தொடங்கியது காட்சியாகிவிடுகிறது; செவிக்கு எட்டாதவரும் கண்ணால் அறிவர். அமர்ந்தவர் மேலும் ஒருவரை மிதிக்கவும் இயலாது.

செருமனியில் ‘சனி’ என்னும் அழைப்பு வழங்குகிறது. மருத்துவப் பணியாளரைக் குறிக்கும் ‘சனித்தேட்டர்’ என்பதன் சுருக்கம் அது. கதைக்குள் மருத்துவர் வேண்டுமெனில் ‘ஹைலர்’ எனலாம், ‘ஃபெல்ட்ஷேர்’ எனலாம், ‘சனி’ எனலாகாது. 2001 முதல் டீமல்ஷ்டாட்டிலும் 2004 முதல் புரோகெலோவிலும் ஆயிரக்கணக்கானோர் கூடும் கோடை நிகழ்வுகள் நடந்துவருகின்றன. அத்தகைய நிகழ்வுகளில் இவ்வேறுபாடு வெறும் சொல்நயமன்று. நார்வே நாட்டினர் ‘குத்’, ‘பிரெம்ஸ்’ என இரண்டு சொற்களை வைத்துக்கொண்டனர்: முதலாவது ஆட்டத்தை அறுப்பது, இரண்டாவது அதன் வேகத்தைத் தணிப்பது. உடற்காயத்தோடு உளநெருக்கடியும் இதனால் நிறுத்தச் சொல்லின் எல்லைக்குள் வந்தது.

சொல் எட்டாத இடங்கள்

நிறுத்தச் சொல்லைச் சொல்ல ஒருவர் வேண்டும். நினைவிழந்தவர் சொல்ல இயலாது. நினைவுள்ளவரும் பிறர் ஆட்டத்தைக் கெடுத்துவிடுவோமோ எனத் தயங்குவதுண்டு. ஆட்டத்தில் ஆழ்ந்தவரிடத்தே இத்தயக்கம் மிகுதி என்பது இவ்வமைப்பின் உள்முரண். எனவேதான் மோதல் ஓய்ந்ததும் கிடப்போர் ஒவ்வொருவரிடமும் சென்று ‘மெய்யாகவே நலமா’ எனக் கேட்கும் பொறுப்பு நடுவர்களுக்குத் தேவைப்படுகிறது.

மேலும், ஆபத்து போர்க்களத்தில் மட்டும் இல்லை. கவசத்துக்குள் நீரிழந்து மயங்குதல், முயல்வளையில் கால் இடறுதல், இரவில் கூடாரக் கயிறு தடுக்கி விழுதல், தீமூட்டும் இடத்தில் நெடிய அங்கி தீப்பற்றுதல், மழைக்கு அஞ்சிக் கரியடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுசெல்வதால் நேரும் கார்பன் மோனாக்சைடு நச்சு ஆகியவை போர் ஓய்ந்த பின்னரே வருவன. 1839 ஆகசுடு 28 அன்று இசுகாட்லாந்தின் எக்லின்டனில், ஏறத்தாழ 1,00,000 பேர் திரண்ட இடைக்காலப் பாணிப் போட்டியைச் சிதைத்ததும் ஈட்டியன்று. அடைமழையும் சேற்றில் அடைபட்ட வழிகளுமே. கூட்ட மேலாண்மையில் பிரிட்டிசு அரசு 1993இல் வெளியிட்ட வழிகாட்டியும் இசை நிகழ்ச்சிகளை முன்னிட்டே எழுந்தது. 1988இல் டானிங்டனில் இருவர் நெரிசலில் இறந்தது அதன் பின்னணி. உறையின் நிறத்தால் ‘ஊதா வழிகாட்டி’ எனப்பட்ட அந்நூல் காட்டும் வழி, நீர், மருத்துவ இடம் பற்றிய கணக்குகள் வேடமணிந்த கூட்டத்துக்கும் அப்படியே பொருந்துவன.

பொருந்தாதது ஒன்று உண்டு. இசைவிழாவில் மேடைக்கும் வாயிலுக்கும் எல்லோரும் அறிந்த ஒரே பெயர். பாத்திரமேற்புக் களத்திலோ ஒவ்வொரு மூலைக்கும் கற்பனைப் பெயர். நெஞ்சுவலியால் துடிப்பவருக்காக அவசர எண்ணை அழைப்பவர் தாம் இருக்குமிடத்தை அறிந்தது அரக்கர் பாசறையாகவோ வடநாட்டு அரசனின் கூடாரமாகவோதான். ஊர்தி ஓட்டுநருக்கு வேண்டியது பண்ணையின் அஞ்சல் குறியீடும் வாயிலின் எண்ணும். இவ்விரண்டையும் அச்சிட்டு ஒவ்வொரு பாசறையிலும் தொங்கவிடுவதும், வேடம் களைந்த ஒருவரைக் கைவிளக்கோடு சாலைமுனையில் நிறுத்தி ஊர்தியை உள்ளே அழைத்துவரச் செய்வதும் அமைப்பாளருக்கு எஞ்சும் வேலைகள்.