மூன்று விநாடி ஆட்டம்

1996 அக்டோபர் 9. தாலின் நகரின் கத்ரியோர்க் மைதானம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. நடுவர் விசில் ஊத, ஸ்காட்லாந்து பந்தை உதைத்தது. எதிரே எஸ்டோனியா இல்லை. மூன்றே விநாடிகளில் மறுபடி விசில், ஆட்டம் ஓவர்.

இதை இன்னமும் ஜோக்காத்தான் சொல்லிட்டிருக்காங்க. ஆனால் எஸ்டோனியர்கள் பயந்து ஓடவில்லை. நான்கு நாள் முன்புதான் பெலாரஸை 1-0 என்று வென்றிருந்தார்கள். ஆட்டம் மாலை 6.45க்கு என்று பேச்சு. தற்காலிக விளக்குகளின் வெளிச்சம் சரியில்லை என ஸ்காட்லாந்து முந்தைய நாள் புகார் சொன்னது. ஃபிஃபா அன்று காலையில் நேரத்தைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றியது. முதலில் ஒத்துக்கொண்ட நேரத்தை விட்டுக்கொடுக்க எஸ்டோனியா தயாராக இல்லை.

1991இல்தான் சுதந்திரத்தை மீட்ட சின்ன நாடு. கடைசி நேரத்தில் யாரோ மாற்றினால் 'சரிங்க' என்று வந்து நிற்கணுமா?

ஸ்காட்லாந்துக்கு 3-0 வெற்றி கிடைக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஃபிஃபாவோ மறு ஆட்டம் வைத்தது. 1997 பிப்ரவரி 11, மொனாக்கோ: 0-0.

ஸ்காட்லாந்து 1998 உலகக் கோப்பைக்குப் போனது. எஸ்டோனியா பத்து ஆட்டங்களில் எடுத்தது வெறும் 4 புள்ளிகள். அதில் மூன்று பெலாரஸிடம் வென்றவை. மிச்சம் ஒன்று, வர மறுத்ததால் கிடைத்தது.