ஆர்கன் தந்த ஆம்பிளிபயர்

திருவழிபாட்டில் கிட்டார் இடம்பெற்ற வரலாற்றைச் சொல்வோர் சங்க ஏடுகளையே புரட்டுவது வழக்கம். அமெரிக்க நாட்டில் அவ்வரலாற்றுக்கு வேறொரு சாட்சியும் உண்டு. பழைய ஹாமண்ட் ஆர்கனிலிருந்து கழற்றி, கிட்டாருக்கென மாற்றியமைத்த ஆம்பிளிபயர் சேஸிஸ்தான் அது. வால்வுகளும் டிரான்ஸ்பார்மர்களும் பொருத்திய வெறும் தகரத் தட்டு எனினும், அது சொல்லும் கதை பெரிது.

சிக்காகோ நகரில் மின் கடிகாரம் செய்து வந்தவர் லாரன்ஸ் ஹாமண்ட். கடிகாரத்தின் சீரான மோட்டாரைக் கொண்டு 91 பல்சக்கரங்களைக் காந்தங்களின் அருகே சுழலவிட்டு இசை பிறப்பித்தார். 1934ல் காப்புரிமை பெற்று, 1935ல் விற்பனைக்கு விட்டார். காற்றுக்குழாய் இல்லை; ஆகவே விலையும் குறைவு. ஆயிரக்கணக்கான சிற்றாலயங்கள் வாங்கின. இது குழாய் ஆர்கனுக்கு நிகராகுமா என்ற வழக்கு அரசின் வணிக ஆணையத்திடம் சென்றது. 1937ல் சிக்காகோ பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் இரண்டையும் மாறி மாறி வாசித்துக் காட்டினர். இசையில் தேர்ந்த செவிகளும் எது எதுவெனத் தடுமாறின! ஆயினும் நிகர் என விளம்பரம் செய்யலாகாது என்று 1938ல் ஆணையம் கூறிவிட்டது.

திருச்சபையும் அவசரப்படவில்லை. பாப்பரசர் 10ம் பத்திநாதர் 1903ல் பியானோவையும் மேளத்தையும் ஆலயத்துக்கு ஆகாதென விலக்கியிருந்தார். 1958 செப்டம்பர் 3ல் உரோமை வெளியிட்ட அறிவுரை, குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத இடத்தில், ஆயரின் அனுமதியோடு, மின் ஆர்கனைத் தற்காலிகமாகப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. "பொறுத்துக்கொள்ளலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்தே ஆண்டுகளில், 1963 டிசம்பர் 4ல், வத்திக்கான் சங்கம் குழாய் ஆர்கனின் சிறப்பைப் போற்றியபின், வழிபாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. அமெரிக்கப் பங்குகளில் கிட்டார் நுழைந்தது. மின் ஆர்கன் என்னும் விருந்தாளி திண்ணையில் அமர்ந்திருக்கும்போதே அடுத்த விருந்தாளி கூடத்துக்குள் வந்துவிட்டார்!

பல்சக்கர ஆர்கன் உற்பத்தி 1975ல் நின்றது. காலப்போக்கில், பழுதான சிறு ஆர்கன்களை இலவசமாகக் கொடுத்தாலும் எடுத்துச் செல்ல ஆளில்லை. மின்பொறி ஆர்வலர்கள் அவற்றின் சேஸிஸைத் தேடத் தொடங்கினர். காரணம் எளிது. 1955 முதல் 1964 வரை வந்த எம்-3 ஆர்கனின் வெளியீட்டில் இரண்டு 6வி6 வால்வுகள் ஜோடியாக உழைத்தன. பெண்டர் கம்பெனியின் டீலக்ஸ் என்னும் புகழ்பெற்ற கிட்டார் ஆம்பிளிபயரிலும் அதே ஜோடிதான்.

மாற்றும் வேலை பெரும்பாலும் முன்பகுதியில்தான். ஆர்கனுக்கென அமைந்த தொடக்கக் கட்டத்தை அகற்றிவிட்டு, கிட்டாரின் மெல்லிய மின்துடிப்பைப் பெருக்க 12ஏஎக்ஸ்7 வால்வு, அதன் நுழைவில் ஒரு மெகாஓம் ரெசிஸ்டர், ஒலியளவுக்கும் தொனிக்கும் திருகுகள் ஆகியவற்றை அமைப்பார்கள். விலைமிகுந்த டிரான்ஸ்பார்மர்கள் அப்படியே நிற்கும். உலர்ந்துபோன கண்டென்சர்களை மாற்றி, எர்த் கம்பியுள்ள மூன்று முனை வயரைக் கட்டாயம் பொருத்தவேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கவேண்டும். பழக்கமற்றவர் தொடாதிருப்பது உத்தமம். ராக் இசையினர் வால்வைத் திணறவைத்துக் கரகரப்பை விரும்புவர். ஆர்கன் சேஸிஸோ தெளிவான ஒலிக்கென வடித்தது. பாடகர் குழுவுக்கு அதுவே பொருத்தம் என்பேன்.

ஆனால் ஆர்கனைக் கலைப்பது முறையா? வாசிக்கத்தக்க ஆர்கனை ஒரு சேஸிஸுக்காக உடைப்பது, என் கருத்தில், தேனுக்காகக் கூட்டையே கொளுத்துவது போன்றது. உடைந்ததைப் பிரிப்பது வேறு. மந்திரித்த ஆர்கனாக இருந்தால் 1983ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1171ம் எண்ணை நினைவில் கொள்ளவேண்டும். மந்திரிப்பினால் வழிபாட்டுக்கென ஒதுக்கிய பொருளை, அது தனியாருக்கே சொந்தமானாலும், மரியாதையோடு நடத்தவேண்டும், உலகக் காரியங்களுக்குப் பயன்படுத்தலாகாது என்கிறது அது. உருக்குலைந்த ஆர்கனின் ஓர் உறுப்புக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று சட்ட வல்லுநர் வாதிக்கலாம். அந்தச் சேஸிஸ் பாடகர் குழுவின் கிட்டாருக்கே திரும்பிவந்தால் வாதத்துக்கே இடமில்லை. மதுக்கடை மேடைக்கு விலைபேசுவோர் முதலில் தங்கள் பங்குக் குருவைக் கேட்கட்டும்.