கிழக்கு வார்டுச் சோறு

பிரிக்பீல்ட்ஸில் எந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் இலை போட்ட கையோடு ஒரு கேள்வி வரும்: "வெள்ளைச் சோறா, புழுங்கலா?" பல வருஷமாக யோசிக்காமல் "வெள்ளை" என்றுதான் சொல்லி வந்தேன். ஏறக்குறைய நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் இதே கோலாலம்பூரில், ஒரு கட்டடத்துக்குள், இந்த இரண்டு சோறில் எது தட்டில் விழுகிறது என்பதைப் பொறுத்து மனிதர்கள் பிழைத்தார்கள் அல்லது செத்தார்கள். அதை நான் தேடிப் போனது சரித்திர ஆர்வத்தால் இல்லை. என் நெஞ்சு படுத்திய பாட்டால்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து, ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உள்ளே தள்ளிவிட்டுப் படுத்தால் நெஞ்சில் ஒரு துடிப்பு தப்பும். லிஃப்ட் திடீரென்று ஒரு மாடி இறங்கினாற்போல இருக்கும். கிள்ளானில் இருக்கும் பாட்டியிடம் சொன்னேன். "காத்துதான்பா. நாள் முழுக்க வெறும் வயித்துல கெடந்துட்டு நடுராத்திரியில திங்கிற. ஓமத்தண்ணி குடி, எல்லாம் எறங்கிடும்." கிளினிக்கில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஒருநாள் முழுக்க நெஞ்சில் கருவியை ஒட்டிப் பதிவு செய்தார்கள். பலருக்கும் வரும் சாதாரணத் தப்புத்துடிப்பு, பயமில்லை என்றார் டாக்டர். பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை நிமிர வைத்தது: "சாப்பிட்ட பிறகு வருதா?"

அப்படியென்றால் பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறதா?

இருக்கிறது. லுட்விக் ரோம்ஹெல்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1912இல் இதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக எழுதி வைத்தார். வயிறு வாயுவால் உப்பும்போது உதரவிதானம் மேலே தள்ளப்படுகிறது. இதயம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வயிற்றுக்கும் இதயத்துக்கும் பொதுவாக வேகஸ் என்ற நரம்பும் ஓடுகிறது. ஒரு பக்கம் சீண்டினால் மறுபக்கம் தெரியலாம். உணவுக்குழாயோ இதயத்தின் இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போலப் போகிறது. அந்த அறையில் சூடு வைத்துத் துடிப்பைச் சரிசெய்யும் சிகிச்சையின்போது, உணவுக்குழாய் வெந்துவிடக் கூடாதே என்று அதன் வெப்பத்தை அளந்துகொண்டே இருப்பார்கள். அவ்வளவு நெருக்கம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு கூடுதலாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறதா, அல்லது உடல் பருமன், வயது, குடி என்று இரண்டுக்கும் பொதுவான வேறு காரணம் இருக்கிறதா என்பது இன்னும் தீரவில்லை.

ரோம்ஹெல்ட் எழுதிய அதே 1912இல் காசிமிர் ஃபுங்க் என்ற போலந்துக்காரர் 'வைட்டமின்' என்ற சொல்லை உண்டாக்கினார். அந்தச் சொல்லுக்குப் போன வழியில் கோலாலம்பூர் இருக்கிறது. வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் உள்ள தொடர்பை இந்த ஊர் மிகக் கொடூரமாகக் கண்டுகொண்ட கதை அது.

நோயின் பெயர் பெரிபெரி. பசி மந்தமாகும், குமட்டும், மலம் கட்டும். கால் மரக்கும். ஒரு வகையில் உடல் வற்றி நடக்க முடியாமல் போகும். மற்றொரு வகையில் கால் வீங்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், மூச்சு முட்டும், இதயம் பெருத்துத் திடீரென்று நின்றுபோகும். பெரும்பாலும் அது வேகத் துடிப்புதான், என்னுடையதைப் போலத் தப்புத்துடிப்பு அல்ல. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இதில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சிறைகளிலும் அப்படித்தான்.

இதுபோன்ற நோய்களின் காரணத்தைக் கண்டுபிடிக்கவே 1900இல் கோலாலம்பூரில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆரம்பம் அதுதான். முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் என்ற அமெரிக்கர். கிருமியியல் உச்சத்தில் இருந்த காலம், எதற்கும் ஒரு கிருமி இருந்தாக வேண்டும். ஒரு கிருமி வாய்வழியாகப் போய் இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் தங்கி நஞ்சைக் கக்குகிறது, அந்த நஞ்சு நரம்பையும் இதயத்தையும் அடிக்கிறது என்றார் அவர். வயிற்றில் தொடங்கி நெஞ்சில் முடிகிறது என்ற வரிசையைச் சரியாகவே பார்த்திருக்கிறார். காரணம்தான் தப்பு.

பக்கத்தில் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த டபிள்யூ. எல். பிராடன் வேறொன்றைக் கவனித்தார். யாருக்கு நோய் வருகிறது என்பதோடு, அவர்கள் என்ன அரிசி தின்கிறார்கள் என்றும் பார்த்தார். சீனர்கள் ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளை அரிசி தின்றார்கள், செத்தார்கள். கம்பத்து மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லைத் தாங்களே குத்தித் தின்றார்கள், அவர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. தமிழர்கள் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி தின்றார்கள். அவர்களுக்கும் வரவில்லை. தீட்டிய அரிசி கெட்டு நஞ்சாகிறது என்று அவர் நினைத்தார். 1907இல் புத்தகமாகவும் எழுதினார். அதிலும் காரணம் தப்பு, ஆனால் கை நீண்ட திசை சரி.

பிராடனின் பேச்சைச் சோதித்துப் பார்த்தவர் கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் ஃப்ளெட்சர். இடம், அன்றைய கோலாலம்பூர் மனநோயாளிகள் காப்பகம். 1905 டிசம்பரில் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார்கள். ஒற்றை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்கு, இரட்டை எண்காரர்கள் மேற்கு வார்டுக்கு. கிழக்கில் வழக்கமான சயாம் வெள்ளை அரிசி, மேற்கில் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றே. ஒவ்வொரு பக்கமும் சுமார் 120 பேர்.

ஒரு வருடத்தில் கிழக்கு வார்டில் 18 பேர் பெரிபெரியில் செத்தார்கள். மேற்கில் ஒருவரும் சாகவில்லை.

பொறியியல் படித்த எனக்கு இந்தச் சோதனையின் வடிவம் முதலில் அழகாகத்தான் பட்டது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. ஆய்வகத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். ஆனால் இந்த 18 பேர் ஆய்வகப் பொருள்கள் இல்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கக்கூடியவர்களாக அவர்களை யாரும் நினைக்கவும் இல்லை. ஃப்ளெட்சரின் கட்டுரை 1907இல் 'லான்செட்' இதழில் வந்தது. மருத்துவ வரலாற்றில் அதற்கு மரியாதையான இடம் உண்டு. கொட்டகையில் நின்று 'ஒன்று', 'மூன்று', 'ஐந்து' என்று சொன்னவர்களுக்கு எந்த இடமும் இல்லை.

அடுத்து ஹென்றி ஃப்ரேசரும் ஏ. டி. ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட சுமார் 300 ஜாவா தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து அதே சோதனையைச் செய்தார்கள். 1909இல் வெளியான முடிவும் அதேதான். இரண்டு பக்கமும் ஒரே இனத்தார். ஆகவே இனத்தில் ஒன்றுமில்லை, அரிசியில்தான் இருக்கிறது. அதிலும் அரிசியில் இருக்கும் நஞ்சு காரணமில்லை. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்றின் இல்லாமைதான் காரணம். ஜாவாவில் கோழிகளை வைத்து எய்க்மன் ஏற்கனவே பிடித்திருந்த நூலின் மறுமுனை இது.

அந்த 'ஏதோ ஒன்று' தயமின், அதாவது பி1. சாப்பாட்டிலிருந்து உடல் ஆற்றல் எடுக்க அது வேண்டும். உடலில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. ஓய்வே இல்லாமல் வேலை செய்யும் இதயம் முதலில் அடிவாங்கும் உறுப்புகளில் ஒன்று. நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது தவிட்டுப்பக்கம் இருக்கும் தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுக்கப் போகாது. யாரோ ஒரு பாட்டி என்றோ கண்டுபிடித்த வழி, கப்பல் ஏறி வந்து ஒரு சமூகத்தைக் காத்திருக்கிறது.

இதை வைத்துத் தமிழன் பெருமை பேச ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் புழுங்கல் அரிசி பெரிபெரியிலிருந்து மட்டும்தான் காத்தது. 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் பார்த்தது மலேரியாவில் சாய்ந்துகொண்டிருந்த ஊரை. சதுப்பைத் தூர்த்து, வடிகால் வெட்டித்தான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. தோட்டங்களில் நம்மவர்கள் மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் கொத்துக் கொத்தாகப் போனார்கள்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னபோது சிரித்தார். "தோட்டத்த விட்டு வந்ததும் மொதல்ல விட்டது அந்த அரிசியத்தான். கூலிக்காரச் சோறுன்னு சொல்வாங்கல்ல."

பாட்டிக்கும் இரண்டு வருஷமாக நெஞ்சு படபடப்பு இருந்தது. "காத்து" என்றே சொல்லி வந்தார், நாங்களும் தலையாட்டினோம். ஒருநாள் காலை டம்ளர் கையிலிருந்து நழுவியது. சிறிய பக்கவாதம். அப்போதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று தெரிந்தது. அந்தத் துடிப்பில் இதயத்துக்குள் ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம். முன்னாலேயே தெரிந்திருந்தால் கட்டாமல் இருக்க மாத்திரை உண்டு. என்னுடையது ஒன்றுமில்லை, அவருடையது ஒன்றுமில்லை அல்ல. இரண்டுக்கும் நாங்கள் வைத்திருந்தது ஒரே சொல்.

ரைட்டை நினைத்துக்கொள்கிறேன். வயிற்றைக் கைகாட்டியதில் அவரும் தப்பில்லை, பாட்டியும் தப்பில்லை. அவர் கையில் கிருமி என்ற தயாரான பதில் இருந்தது, எங்கள் கையில் காத்து. பதில் கையில் இருந்ததால் அடுத்த கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. பிராடன் கேட்டார், ஃப்ளெட்சர் மற்றவர்களின் உயிரை வைத்துக் கேட்டார். நாங்கள் கேட்டிருந்தால் ஒரு இ.சி.ஜி.யோடு முடிந்திருக்கலாம்.

பாட்டி இப்போது நன்றாக இருக்கிறார். காலையும் மாலையும் மாத்திரை. போட்டுக்கொண்ட பிறகு ஓமத்தண்ணியும் குடிக்கிறார். போன வாரம் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போனேன். இலை போட்டவர் கேட்டதும் நான் "புழுங்கல்" என்றேன். பாட்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "எனக்கு வெள்ளைதான்" என்றார்.