ஒரு பாடலும் அதன் காலமும்: சுவீடிய வெகுசன இசை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாறு என்பது மன்னர்களின் பரம்பரையையும் போர்களின் வெற்றி தோல்விகளையும் கூறுவது மட்டுமே என்ற கருத்து இன்று வலுவிழந்துவிட்டது. ஒரு காலகட்டத்து மக்கள் எதனை உண்டனர், எதனை உடுத்தனர், எதனைப் பாடினர் என்பனவும் வரலாற்று மாணவனுக்குச் சான்றுகளாகும். ஆயினும், வெகுசன இசை என்று வரும்போது நம்மிடையே ஒரு தயக்கம் இன்னும் நிலவுகின்றது. நாட்டார் பாடலை ஆராய்ச்சிக்கு உரியதாக ஏற்றுக்கொள்ளும் நாம், வானொலியிலும் இசைத்தட்டிலும் பிறந்த பாடலைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுகின்றோம். இத்தயக்கம் நியாயமானதன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்கொள்ளப்படும் எடுத்துக்காட்டு, 1967ஆம் ஆண்டின் இறுதியில் சுவீடனில் வெளியான ஒரு சிறு இசைத்தட்டு. பாடலின் பெயர் 'யாக் வார் சோ ஷேர்'. 'நான் அத்துணை காதல் கொண்டிருந்தேன்' என இதனைத் தமிழாக்கலாம். பாடியவர் அக்னெத்தா ஃபெல்ட்ஸ்கூக். அப்பொழுது அவருக்கு வயது 17. பின்னாளில் 'அபா' என்னும் இசைக்குழுவின் நால்வருள் ஒருவராக உலகப் புகழ் பெற்றவர் இவரே. அதன் காரணமாக, இப்பாடல் பெரும்பாலும் அபாவின் கதைக்கு ஒரு முன்னுரையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பின்னர் நிகழ்ந்ததைக் கொண்டு முன்னர் நிகழ்ந்ததை அளப்பது வரலாற்று நெறிக்கு ஏற்றதன்று. எனவே, இப்பாடலை அது பிறந்த காலத்தினுள் வைத்து நோக்குதல் பொருத்தமாகும்.

வானொலியும் மொழியும்

சுவீடனில் ஒலிபரப்பு 1925 முதல் ஒரே நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்து வந்தது. வணிக விளம்பரத்திற்கு அதில் இடமிருக்கவில்லை. மக்களின் அறிவையும் இரசனையையும் உயர்த்துவதே வானொலியின் கடமை எனக் கருதப்பட்டது. இத்தகைய சூழலில், இளைஞர் விரும்பிய இலேசான இசைக்கு அளந்தே நேரம் ஒதுக்கப்பட்டது. 

இந்நிலையைக் குலைத்தது ஒரு கப்பல். 1961ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஸ்ரொக்ஹோம் நகருக்கு அப்பாலுள்ள கடலில், நாட்டின் சட்ட எல்லைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலொன்றிலிருந்து 'ராடியோ நூர்ட்' என்னும் நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது. பொப் இசையும் விளம்பரமுமே அதன் உள்ளடக்கம். மக்கள் அதனை ஆவலுடன் கேட்டனர். அரசு சட்டத்தின் மூலம் அதனைத் தடுக்க முனைந்தது. 1962 ஜூன் இறுதியில் கப்பல் மௌனமாயிற்று. எனினும், சட்டம் மாத்திரம் போதாது என்பதைத் தேசிய வானொலி உணர்ந்திருந்தது. கப்பல் பாடத் தொடங்கிய இரண்டு மாதங்களுக்குள், 1961 மே மாதத்திலேயே, 'மெலொடிராடியோன்' என்ற பெயரில் இலேசிசைக்கெனத் தனி ஒலிபரப்பை அது ஆரம்பித்துவிட்டது. கடற்கொள்ளையரென இகழப்பட்டோரின் நிகழ்ச்சிமுறையைத் தேசிய நிறுவனமே தன்வயப்படுத்திக்கொண்டது எனலாம்.

இதன் தொடர்ச்சியாகத் தோன்றிய தரவரிசை நிகழ்ச்சிகளே நமக்கு முக்கியமானவை. 1961 இல் தொடங்கிய 'தியோ இ தொப்' இளைஞர் வாக்களிக்கும் நிகழ்ச்சி. ஆங்கிலப் பாடல்களே அதில் ஆதிக்கம் செலுத்தின. 1962 இல் தோன்றிய 'குவெல்ஸ்தொப்பென்' இசைத்தட்டு விற்பனையை அடிப்படையாகக் கொண்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் 'ஸ்வென்ஸ்க்தொப்பென்' ஆரம்பமாயிற்று. இந்நிகழ்ச்சி விரைவிலேயே சுவீடிய மொழியிற் பாடப்பட்ட பாடல்களுக்கு மட்டுமே உரியதாக வரையறுக்கப்பட்டது. அவ்விதி 2003 வரை நீடித்தது. எண்பது இலட்சத்துக்கும் குறைவான மக்கள் பேசிய ஒரு மொழிக்கு, ஆங்கிலப் பாடலின் பேரலைக்கு மத்தியில், வாரந்தோறும் ஓர் அரங்கு ஒதுக்கப்பட்டது. இவ்வரங்கு இல்லாதிருப்பின், நாம் ஆராயும் பாடல் மக்களைச் சென்றடைந்திருக்குமா என்பது ஐயமே.

சிற்றூர்ப் பெண்ணும் நடன இசைக்குழுவும்

அக்னெத்தா 1950 ஏப்ரல் 5 ஆம் நாள் யொன்ஷோப்பிங் நகரிற் பிறந்தார். வெத்தெர்ன் ஏரியின் தென்கரையிலுள்ள இந்நகர், தீப்பெட்டித் தொழிலால் 19ஆம் நூற்றாண்டில் உலகறியப் பெயர் பெற்றது. தந்தையார் ஒரு பல்பொருள் அங்காடியிற் பணிபுரிந்தவர்; இசை அரங்க நிகழ்ச்சிகளில் ஆர்வமுடையவர். மகள் இளமையிலேயே பியானோ கற்றாள். தேவாலயப் பாடகர் குழுவிற் பாடினாள். பதினைந்து வயதிற் பள்ளியை விட்டு விலகினாள். அமெரிக்கப் பாடகி கொனி பிரான்சிஸ் அவளது இலட்சியமாக இருந்தார்.

இங்கு தனிமனித வரலாற்றை விடச் சமூக அமைப்பே கவனத்திற்குரியது. அக்காலச் சுவீடனின் சிற்றூர்கள் அனைத்திலும் நடன இசைக்குழுக்கள் இயங்கின. அவற்றுக்கு மேடையளித்தவற்றுள் முதன்மையானவை 'மக்கள் பூங்காக்கள்'. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழிலாளர் இயக்கத்தினால் கூட்டங்கள் நடத்துவதற்கென உருவாக்கப்பட்ட இப்பூங்காக்கள், காலப்போக்கில் நாடு முழுவதும் பரந்த பொழுதுபோக்கு வலையமைப்பாக மாறின. கோடைகால இரவுகளில் தொழிலாளரும் விவசாயிகளும் கூடி ஆடிய மேடைகள் அவை. அபாவின் நால்வரும் தனித்தனியே தொழில் பயின்றது இத்தகைய மேடைகளிலேயே என்பதை மறத்தலாகாது.

அக்னெத்தா, பேர்ன்ற் எங்ஹார்ட் என்பவரின் குழுவில் இரண்டு ஆண்டுகள் பாடினார். பகலில் மோட்டார் வாகன நிறுவனமொன்றில் தொலைபேசி இயக்குநர் வேலை. இரவிலும் வார இறுதியிலும் பாட்டு. குழுவின் புகழ் பெருகப் பெருக, இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது. அவர் பாட்டைத் தெரிவுசெய்தார்.

அக்காலத்தில் ஒரு காதல் முறிவின் துயரத்தை அடிப்படையாகக் கொண்டு அவரே சொல்லும் மெட்டும் அமைத்த பாடல்தான் 'யாக் வார் சோ ஷேர்'. குழுவின் ஒலிப்பதிவு நாடா, கார்ல் யெர்ஹார்ட் லுண்ட்குவிஸ்ற் என்பவருக்கு அனுப்பப்பட்டது. ஐம்பதுகளில் 'லிட்டில் யெர்ஹார்ட்' என்ற பெயரில் ரொக் இசை பாடிப் புகழீட்டிய அவர், அப்பொழுது கூப்பொல் இசைத்தட்டு நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்தார். குழுவில் அவர் அக்கறை காட்டவில்லை. அப்பெண்ணின் குரலிலும் பாடலிலுமே அக்கறை கொண்டார். குழுவினரை விட்டுத் தனியே செல்வது குறித்து அக்னெத்தா தயங்கினார், ஈற்றில் உடன்பட்டார். 1967 ஒக்டோபரில் ஸ்ரொக்ஹோமில் ஒலிப்பதிவு நடைபெற்றது.

பாடலின் வெற்றி

1968 ஜனவரி 28 ஆம் நாள் இப்பாடல் சுவீடியத் தரவரிசையில் முதலிடத்தைப் பெற்றது. எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட தட்டுக்கள் விற்பனையாயின. நாட்டின் சனத்தொகையோடு ஒப்பிடின், ஏறத்தாழ நூறு பேருக்கு ஒரு தட்டு என்னும் கணக்கு வரும்.

இவ்வெற்றியின் தன்மையை அறிய, அந்த இசைத்தட்டின் இரு பக்கங்களையும் நோக்குதல் வேண்டும். ஒரு பக்கத்தில் இருந்தது 'ஃபொல்ய் மெட் மெய்' என்னும் பாடல். அது ஆங்கிலப் பாடலொன்றின் சுவீடிய வடிவம். அந்நாளைய இசைத்தொழிலின் வழமையும் அதுவே. அமெரிக்காவிலோ ஜேர்மனியிலோ இத்தாலியிலோ வெற்றிபெற்ற மெட்டுக்குச் சுவீடியச் சொற்களை இட்டு வெளியிடுவது இலாபகரமான வாணிபமாக இருந்தது. பின்னாளில் அபாவின் முகாமையாளராக விளங்கிய ஸ்ரிக் அண்டர்சன் இத்தகைய சொல்லாக்கத்தில் பெயர்பெற்றவர். ஆனால், மக்கள் மனங்கொண்டது இறக்குமதி மெட்டையன்று; மற்றைய பக்கத்தில், ஒரு சிற்றூர்ப் பெண் தானே எழுதிய பாடலையே.

இதனைத் தூய தேசியக் கலையின் வெற்றி எனக் கொள்வதும் மிகையாகும். பாடலின் இசையமைப்பில் கொனி பிரான்சிஸின் சாயலை எவரும் உணரலாம். வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது. மொழியும் அனுபவமும் சொந்தமானவை. வெகுசனக் கலைகள் யாவும் இவ்வாறான கலப்பிலேயே பிறக்கின்றன.

அதே இலையுதிர் காலத்து இன்னொரு நிகழ்வும் ஒப்புநோக்கற்குரியது. 1967 செப்டெம்பர் 3 ஆம் நாள் சுவீடன் தேசம் முழுவதும் வாகனங்கள் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறின. அன்றைய தினமே, 'புதிய முகங்கள்' என்னும் பாட்டுப் போட்டியில் வெற்றிபெற்ற அனி-ஃப்ரிட் லிங்ஸ்ராட், வீதியை விட்டு வீட்டிலிருந்த மக்கள் முன் தொலைக்காட்சியில் தோன்றினார். அபாவின் மற்றைய பாடகி இவரே. அவர் பிறர் எழுதிய பாடலைப் பாடி அறிமுகமானார். அக்னெத்தாவோ ஆக்க கர்த்தாவாகவே அறிமுகமானார். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

மொழிமாற்றமும் ஆக்கவுரிமையும்

வெற்றிக்குப் பின் அக்னெத்தா 1968 முதல் ஜேர்மன் மொழியிலும் பாடல்களை வெளியிட்டார். அவை பெருவெற்றி பெறவில்லை. 1969 இல் அவர் பாடிய 'சிகேனார்வென்' கண்டனத்துக்குள்ளாயிற்று. ரோமா மக்களின் நிலை பற்றிச் சுவீடியப் பத்திரிகைகளில் காரசாரமான விவாதம் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில் அப்பாடல் வெளிவந்தமையே காரணம். அறுபதுகளின் இறுதியில் சுவீடியப் புத்திஜீவிகளிடையே இடதுசாரிச் சிந்தனை ஓங்கியிருந்தது. 'புரொக்' எனப்பட்ட முற்போக்கு இசை இயக்கம், வணிக இசையைக் கடுமையாகச் சாடியது. 1974 ஏப்ரல் 6 ஆம் நாள் பிரைட்டனில் அபா 'வாட்டர்லூ' பாடலைப் பாடி யூரோவிஷன் போட்டியில் வென்றது. அதன் பயனாக அடுத்த ஆண்டு ஸ்ரொக்ஹோமில் அப்போட்டி நடந்தபோது, அவ்வியக்கத்தினர் மாற்று விழாவொன்றையே நடத்திக் காட்டினர். 1976 இல் சுவீடன் போட்டியிற் பங்குபற்றவில்லை.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டை அவதானிக்கலாம். வணிக இசையை எதிர்த்தோர் சுவீடிய மொழியிற் பாடினர். அவர்களால் இகழப்பட்ட ஸ்வென்ஸ்க்தொப்பென் நிகழ்ச்சியும் சுவீடிய மொழியையே காத்து நின்றது. ஏற்றுமதியை நாடிய தொழிலோ ஆங்கிலத்துக்கு மாறியது. யூரோவிஷன் போட்டியில் 1966 முதல் தத்தம் நாட்டு மொழியிலேயே பாடவேண்டும் என்ற விதி இருந்தது. முந்திய ஆண்டில் சுவீடன் ஆங்கிலத்திற் பாடியமையே அவ்விதிக்குத் தூண்டுகோல். 1973 இல் விதி தளர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டே 'வாட்டர்லூ' ஆங்கிலத்தில் வென்றது.

மொழி மாறியபோது இன்னொன்றும் மாறியது. அபாவின் பாடல்களை ஆக்கியோர் பியோன் உல்வேயுசும் பென்னி அண்டர்சனும் ஆவர். தொடக்க ஆண்டுகளிற் பலவற்றுக்கு ஸ்ரிக் அண்டர்சனும் சொல் எழுதினார். குழுவின் இசைத்தொகுப்புகளுள் அக்னெத்தா மெட்டமைத்த பாடல் ஒன்றே ஒன்றுதான்: 1973 இல் வெளிவந்த முதற் தொகுப்பிலுள்ள 'டிஸ்இலூஷன்'. அதற்கும் சொற்கள் அவருடையவை அல்ல. பதினேழு வயதில் ஆக்க கர்த்தாவாக நாட்டை வென்றவர், இருபத்து நான்கு வயதில் உலகத்தை வென்றது குரலாக மட்டுமே. உலகச் சந்தையின் தொழிற்பிரிவினை இதனை வேண்டி நின்றது எனலாம். எழுதுவோர் இருவர், பாடுவோர் இருவர் என்ற ஒழுங்கில், எழுதும் பெண்ணுக்கு இடமிருக்கவில்லை.

அவரது ஆக்கத்திறன் வற்றிவிடவில்லை என்பதற்கும் சான்றுண்டு. அபாவின் புகழ் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த 1975ஆம் ஆண்டில், 'எல்வா குவின்னொர் இ எத் ஹூஸ்' ('ஒரு வீட்டில் பதினொரு பெண்கள்') என்ற இசைத்தொகுப்பை அவர் வெளியிட்டார். ஒரு பாடல் தவிர ஏனைய அனைத்துக்கும் இசையமைத்தவர் அவரே. அத்தொகுப்பு சுவீடிய மொழியில் அமைந்தது. தாய்மொழிக்குத் திரும்பியபோது ஆக்கவுரிமையும் அவரிடம் திரும்பியது என்பது தற்செயலான நிகழ்வாகத் தோன்றவில்லை.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் சில முடிவுகளுக்கு வரலாம். தேசிய வானொலி, கடற்கப்பலின் போட்டி, மொழிக்கென ஒதுக்கப்பட்ட அரங்கு, தொழிலாளர் இயக்கத்தின் பூங்காக்கள், சிற்றூர் நடனக் குழு ஆகியன ஒன்றுசேர்ந்த ஒரு குறுகிய காலத்தில், ஒரு தொலைபேசி இயக்குநரின் பாடல் நாட்டின் முதற்பாடலாக முடிந்தது. அதன் வெற்றியைத் தனியொருவரின் திறமையால் மட்டும் விளக்க இயலாது. அத்திறமை இன்றியும் விளக்க இயலாது.

சிறிய மொழியொன்றைப் பேசும் மக்களுக்கு உலகப் புகழ் இலவசமாகக் கிடைப்பதில்லை. சுவீடன் அதற்குச் செலுத்திய விலையின் ஒரு பகுதியை இப்பாடலாசிரியையின் வாழ்வில் காண்கின்றோம். 'வாட்டர்லூ'வை அறிந்தவர் பல கோடி. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர் எண்பதினாயிரம் வீடுகளிற் சுழன்ற சிறு தட்டை அறிந்தவர் மிகச் சிலரே. அந்தச் சிறு தட்டையும் படிக்கும்போதுதான் முன்னதன் வரலாறு முழுமை பெறும்.