நுடிபிராங்க்

லத்தீனில் 'நுடுஸ்' என்றால் ஆடையற்றது. கிரேக்கத்தில் 'பிராங்கியா' என்றால் செவுள். இரண்டையும் ஒட்டிய இப்பெயரை 1817இல் ஒரு விலங்கு வரிசைக்குச் சூட்டியவர் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே. வளர்ந்தபின் ஓடு இல்லாத வண்ணக் கடல் நத்தைகள் இவை. தலையில் இரு உணர்கொம்புகள், முதுகின் பின்பகுதியில் பூங்கொத்தாய் விரிந்த செவுள்: பலவற்றுக்கு இதுவே அடையாளம். மன்னார் வளைகுடா போன்ற பவளப்பாறைப் பகுதிகளில், இவற்றில் பலவற்றை, அவை தின்னும் கடற்பஞ்சுகளின் அருகிலேயே தேட வேண்டும்.

பெயர் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதுதான் வேடிக்கை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீல டிராகன் என்ற நுடிபிராங்குக்கு அத்தகைய செவுளே கிடையாது. விரல்போன்ற பக்க மடல்களால் சுவாசிக்கும். சுமார் 3 செ.மீ. உயிர். காற்றை விழுங்கி, நடுக்கடலில் தலைகீழாக மிதக்கும்.

தமிழில் சிலர் இவற்றைக் 'கடல் அட்டை' என்று எழுதுவது பிழை. மண்டபத்து மீனவருக்கு அது முள்தோலி இனம், வேறு உயிர். 'ஓடில்லாக் கடல் நத்தை' போதும்.

கரையில் நீல டிராகனைக் கண்டால் தொடாதீர்கள். இரையிடமிருந்து எடுத்த கொட்டும் உயிரணுக்களை அது மடல் நுனிகளில் சேமித்து வைத்திருக்கும்.