பறையும் 'பரையா'வும்

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆங்கில நாளேட்டுத் துண்டு ஒன்றைக் காட்டி, "ஐயா, 'பரையா' என்றால் என்ன?" என்று வினவினான். உலகம் ஒதுக்கிவைத்த ஓர் அரசைச் செய்தி அவ்வாறு குறித்திருந்தது. "ஒதுக்கப்பட்டவர்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அச்சொல் நம்முடையது என்பதை மறைத்தது பின்னர் உறுத்தியது.

பறை என்னும் தோற்கருவியின் அடியாகப் பிறந்ததே பறையர் என்னும் பெயர் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சிறந்த குடிகளுள் வைக்கிறார். அங்கே இழிவு ஏதுமில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் சென்ற இச்சொல், 19ஆம் நூற்றாண்டில் தள்ளிவைக்கப்பட்ட எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. தெருவில் திரியும் நாய்க்கும் அதே அடைமொழி! வெள்ளையரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அந்த இழிவை அவர்கள் நம் ஊர்களில்தானே கண்டார்கள்? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் தொடங்கிய தம் இதழுக்குப் 'பறையன்' என்றே துணிந்து பெயரிட்டார்.

நம் நாட்டில் 2011இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடத்துக்கு 'இன்டர்லோக்' நாவல் வந்தபோது, இச்சொல்லை முன்னிட்டு எழுந்த கொந்தளிப்பு நினைவிருக்கும். அவ்வாண்டின் இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனால், "நாங்கள் அவர்களல்லர்" என்று நம்மவர் சிலர் பதறியதையும் என் காதால் கேட்டேன். நாவலைவிட அதுவே என்னை வருத்தியது.

மறுநாள் அம்மாணவனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துடி என்றால் என்ன ஐயா?" என்றான்.